சாலையோரப் பூக்களைப் படமெடுக்கப் போனபோது

ஓரப்பாதை:
போன வசந்தத்தில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. வளைவு தாண்டியதும் சரிவு முழுக்கச் சிவப்பு பாப்பி. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, மண்டியிட்டு, மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸில் ஒரே பூவைப் பிடித்துக்கொண்டேன். ஃபோகஸ் சரியாக விழுந்த நொடியில் பின்னால் ஒரு லாரி. அது கிளப்பிய காற்றில் நான்கு இதழில் இரண்டு பிய்ந்துவிட்டன. ஒன்று லென்ஸிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. நடுவிலிருந்த கறுத்த மகரந்தத் தாள்கள் மட்டும் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தன. எழுந்து பார்த்தால், என் முழங்கால் இருந்த இடத்தில் அந்த ரோமம் படர்ந்த, தலைகுனிந்த மொட்டுகள் ஐந்தாறு நசுங்கிக் கிடக்கின்றன. படமும் தேறவில்லை. சிவப்பெல்லாம் மெழுகை அப்பியது போல.

பழையலென்ஸ்:
லாரி என்ன செய்யும்? ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வைத்து எடுத்திருப்பீர்கள். காற்றடித்தால் 1/500க்குக் கீழே இறங்கவே கூடாது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுங்கள், படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். சிவப்புக்கு ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடத்தில்) சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள். மொத்த அளவு சரியாகத் தெரியும், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைத்தால் இதழின் நரம்பு தெரியும். உச்சி வெயிலில் போகாதீர்கள், மேகமூட்டமான நாள்தான் நல்லது. என் அனுபவம் என்றால், ஒருமுறை ஈர மண்ணில் நிறுத்தி டயர் புதைந்து இரண்டு மணி நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

தும்பி:
மேகமூட்டம் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள் சார். அதை நம்பித்தான் நான் கெட்டேன். ஆரஞ்சு நிறக் கலிஃபோர்னியா பாப்பி வெயில் இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். போய் இறங்கினால் சரிவு முழுக்கச் சுருட்டி வைத்த குடைகள். சரி, வெயிலடிக்கட்டும் என்று பத்து நாள் கழித்துப் போனேன். ஓரப் புல்லோடு சேர்த்து வெட்டியிருந்தார்கள். விதை முற்றி உதிர்வதற்குள் வெட்டினால் அடுத்த வருஷம் எங்கிருந்து முளைக்கும்? கிலோமீட்டர் கல்லின் இடுக்கில், மெஷின் எட்டாத இடத்தில் ஒரே ஒரு பூ தப்பியிருந்தது. ஏனோ அதைப் படமெடுக்காமலே திரும்பிவிட்டேன்.

ஓரப்பாதை:
1/60 இல்லை ஐயா, 1/250. அது கிடக்கட்டும். அந்த முழங்காலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.