பெரியப்பா 70 (பெரியப்பா இல்லாத குழு)

கவிதா: அப்பாவின் பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. பரிசு என்ன என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். மறுபடியும் சட்டை வேண்டாம்.

ரஞ்சி மாமி: போன வருடச் சட்டை இன்னும் பெட்டியிலேயே இருக்கிறதாம். அண்ணி சொன்னார்.

பெரியம்மா: நான் அப்படிச் சொல்லவில்லை. அளவு போதவில்லை என்றுதான் சொன்னேன்.

அரவிந்தன்: இசைத்தட்டு வாங்குவோம். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’. 2021 ஆகஸ்டில் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு, மூன்று தட்டு.

நிமல்: அது அப்பாவிடம் இருக்கிறதே. பெட்டியோடு.

கவிதா: மூன்றில் இரண்டு இருக்கிறது.

ரஞ்சி மாமி: சின்னண்ணா, எங்கே இருக்கிறீர்கள்? 😄

குமார் சித்தப்பா: வேலையில்.

குமார் சித்தப்பா: மூன்றாவது தட்டை நான் அப்போதே கொடுத்துவிட்டேன். டூட்டிங் வீட்டில் வைத்து, அண்ணன் கையில். எத்தனை முறை சொல்வது?

பெரியம்மா: நாங்கள் டூட்டிங் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் குரொய்டனுக்குப் போயிருந்தீர்கள் தம்பி.

அரவிந்தன்: அதை விடுங்கள். பெரியப்பாவிடம் இருப்பது 1970இல் வந்த பதிப்பு. பெட்டியில் எஸ்டிசிஎச் 639 என்று எண் இருக்கிறது. புதியது அதன் நகல் அல்ல. பழையதில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் எதிரொலியை அள்ளிக் கொட்டியிருப்பார். ‘வா-வா’ பாட்டைக் கேளுங்கள், கிட்டார்களும் ஊதுகருவிகளும் ஒன்றாக எழும்பும்போது ஜார்ஜின் குரல் அடியில் போய்விடும். ஜார்ஜுக்கே அது மனக்குறைதான். 2001 மறுவெளியீட்டில், எதிரொலி அதிகம், எல்லாப் பாட்டுகளின் ஒலியையும் திரும்பக் கலக்க ஆசையாக இருந்தது என்ற பொருளில் எழுதினார். அந்த நவம்பரிலேயே இறந்துவிட்டார். பிறகு மகன் தானியின் மேற்பார்வையில் ஒலிப்பொறியாளர் பால் ஹிக்ஸ் மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்ததுதான் இந்த 2021 பதிப்பு. குரல் முன்னால் வந்து நிற்கிறது. தட்டும் கனமானது, 180 கிராம்.

ரஞ்சி மாமி: மாலையில் படிக்கிறேன்.

கவிதா: மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதான் கிடைத்திருக்கிறது.

பெரியம்மா: வெள்ளி என்றால் மரக்கறிதான்.

குமார் சித்தப்பா: எழுபதாவது பிறந்தநாளுக்கு மட்டன் ரோல்ஸ் இல்லையா?

பெரியம்மா: இல்லை.

நிமல்: அரவிந்தா, அப்பாவுக்கு அந்த எதிரொலிதான் உயிர். கோவில் மண்டபத்துக்குள் நின்று பாடுவதுபோல இருக்கிறது என்பார். அதைத் துடைத்துவிட்டுக் கொடுத்தால் என்ன பரிசு?

ரஞ்சி மாமி: அம்மாவும் அதைக் கேட்பார். ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டில் அல்லேலூயா முடியும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார். ஹரே கிருஷ்ணா வந்ததும் கைகூப்புவார்.

அரவிந்தன்: ஜார்ஜ் வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார் மாமி. அல்லேலூயாவில் எல்லாரையும் சேர்ந்து பாட வைத்துவிட்டு, பிறகு ஹரே கிருஷ்ணாவுக்குப் போவார்.

ரஞ்சி மாமி: அம்மா சேர்ந்து பாடவில்லை.

கவிதா: பரிசு???

அரவிந்தன்: நிமல் சொல்வது சரிதான். இரண்டும் இரண்டு விதமான கேட்பு. புதியதைக் கொடுத்தாலும் பழைய பெட்டியின் இடத்தை அது எடுக்காது. அப்படியென்றால் தொலைந்த மூன்றாவது தட்டைப் பழைய பதிப்பிலேயே தேடுவோம். அதன் லேபிளில் ஜாம் போத்தல் படம் இருக்கும், ‘ஆப்பிள் ஜாம்’ என்று எழுதியிருக்கும். பலர் அந்தத் தட்டைப் போடுவதே இல்லை, எல்லாம் கூடி வாசித்த நீண்ட வாசிப்பு என்று ஒதுக்குவார்கள். ஆனால் அதில் ஒரு நிமிடம்கூட இல்லாத ஒரு பாட்டு இருக்கிறது, ‘இட்ஸ் ஜானிஸ் பர்த்டே’. 1970 அக்டோபரில் ஜார்ஜின் பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனனுக்கு முப்பது வயதானபோது பாடியது. பிறந்தநாள் பாட்டு!

கவிதா: அடடா.

நிமல்: அப்பா அந்தப் பாட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். என் பிறந்தநாளுக்கெல்லாம் போடுவார்.

குமார் சித்தப்பா: காசை நான் தருகிறேன். அதனால் நான் தொலைத்தேன் என்று அர்த்தம் இல்லை.

பெரியம்மா: யாரும் ஒன்றும் சொல்லவில்லை தம்பி.

அரவிந்தன்: தட்டைக் கையில் வாங்கி, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் வேண்டாம், ஊசி அந்த இடத்தில் குதிக்கும். பெரியப்பாவின் பிளேயர் ஊசியும் மாற்ற வேண்டியதுதான். தேய்ந்த ஊசி நல்ல தட்டையும் அரித்துவிடும்.

கவிதா: அப்போது பரிசு ஊசியா, தட்டா?

அரவிந்தன்: இரண்டும். 2021 பதிப்பை நான் தனியாகக் கொடுக்கிறேன்.

ரஞ்சி மாமி: அண்ணி, கேக் முட்டை இல்லாமலா?

பெரியம்மா: அவர் மாடியிலிருந்து இறங்குகிறார். பிறகு எழுதுகிறேன்.

அரவிந்தன்: சனிக்கிழமை லண்டன் பெர்விக் தெருவில் பழைய தட்டுக் கடைகளைப் பார்க்கிறேன். யார் வருகிறீர்கள்?

குமார் சித்தப்பா: நான் வருகிறேன்.

நிமல்: சனி எனக்கு முடியாது. ஞாயிறு?