பழைய வார்ப்பிரும்பு கிரில்: சூளையில் போட்டு எடுக்கலாமா?

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
ஓசூரில் பழைய இரும்புக் கடையில், கரி போட்டு மீன் சுடுகிற வார்ப்பிரும்பு கிரில் ஒன்று கண்ணில் பட்டது, எடைக்கு விலை பேசித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். செவ்வகத் தொட்டி, அடியில் காற்று போக ஒரு சின்னக் கதவு, மேலே கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு தட்டுகள். மூன்று கால்தான் நிற்கிறது, நாலாவது உடைந்து தனியாக இருக்கிறது. எங்கே வார்த்தது, எந்தக் காலத்தது என்று ஒரு எழுத்தும் இல்லை. வெளியே யாரோ சில்வர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அது உரிந்த இடத்தில் பச்சை பெயிண்ட் தெரிகிறது. தட்டுகளில் துருவும் பழைய எண்ணெய்க் கரியும் ஒன்றாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது.

அலங்காரத்துக்கு இல்லை, தினமும் புழங்க வேண்டும். டேம் மீன் வாங்கினால் சுட, சோளக்கதிர் வாட்ட, கொத்சுக்குக் கத்திரிக்காய் சுட. தெரிந்தவர் செங்கல் சூளையில் போட்டு எடுத்தால் எல்லாம் எரிந்து சுத்தமாகிவிடும் என்கிறார் மாமனார். போடலாமா? காலுக்கு வெல்டிங் வைக்கலாமா?

பட்டறை_ஓசூர்:
சூளை வேண்டவே வேண்டாம், மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வார்ப்பிரும்பு 1,150 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் சூளையில் உருகாது, ஆனால் நெளியும், இல்லையென்றால் விரியும். தப்பி வந்தாலும் மேல் தோல் செக்கச்செவேல் என்று செதில் தட்டிப்போய், அப்புறம் நீங்கள் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் ஒட்டாது.

பெயிண்டுதான் எனக்குப் பெரிய கவலை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பச்சை பெயிண்ட் அதற்கு எவ்வளவோ முந்தியதாக இருக்கலாம். அதனால் கிரைண்டர் போடாதீர்கள், காய்ந்த நிலையில் உப்புத்தாளும் போடாதீர்கள், கொளுத்தவும் கூடாது. பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, பேப்பரில் வாரிக் கட்டிப் போடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. தொட்டியைத் தூக்கிப் பிடித்து சின்னச் சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் சரி, மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்கோ விரிசல். விரிசல் இருக்கிற தொட்டிக்கு இவ்வளவு பாடுபடலாமா என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

காலுக்கு வெல்டிங் வேண்டாம். சாதாரண ராடு வைத்தால் ஒட்டின மாதிரி இருக்கும், ஆறும்போது பக்கத்திலேயே விரியும். நிக்கல் ராடு வேண்டும், முன்கூட்டி நன்றாகச் சூடேற்ற வேண்டும், வெல்டிங் முடிந்த பிறகும் மெதுவாக ஆற விட வேண்டும், இதற்குப் பொறுமை இருக்கிற ஆள் கிடைப்பது கஷ்டம். உடைந்த இடத்தில் ஒரு பட்டைத் தகடு வைத்து இரண்டு பக்கமும் துளை போட்டு போல்ட்டு முடுக்குங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நிற்கும்.

அரூர்_அக்கா:
தம்பி பட்டறை சொன்னது எல்லாம் சரி, ஆனால் வீட்டில் செய்கிறவர்களுக்கு இவ்வளவு பயம் காட்ட வேண்டாம். தட்டுகள் இரண்டும் தோசைக்கல் பழக்குகிற அதே வேலைதான். லேசான துருவுக்குப் புளித்த வடிகஞ்சியில் ஊறவைத்து, புளிச் சக்கையும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாலே போகும். கெட்டித் துரு என்றால் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கினால் துருவோடு இரும்பையும் தின்றுவிடும்.

கழுவினதும் துணியில் துடைத்து நேராக அடுப்பில் ஏற்றுங்கள். வெயிலில் காயட்டும் என்று விட்டால் கண்ணெதிரிலேயே மறுபடி செம்மை பூக்கும். அப்புறம் கடலை எண்ணெய் தடவி, தடவினதே தெரியாத அளவுக்குத் துடைத்து எடுத்து, புகை அடங்கும் வரை சூடாக்குங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எல்லாரும் கெடுப்பது இந்த இடத்தில்தான், எண்ணெயை வழிய வழிய ஊற்றினால் பிசுபிசு என்று நிற்கும், பிறகு தோல் மாதிரி உரியும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது, இறுகவே இறுகாது.

பென்னாகரம்_கரண்ட்:
அக்கா சொல்கிற கஞ்சிக்குத் துரு போகும், கெட்டிப்பட்ட எண்ணெய்க் கரி போகாது. அதற்கு காஸ்டிக் சோடாதான். பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். அலுமினியப் பாத்திரம் எதுவும் அதில் படக் கூடாது.

மிச்சத் துருவுக்கு நான் கரண்ட் வைத்து எடுப்பேன். தண்ணீரில் சலவை சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸைத் தட்டிலும் பிளஸ்ஸை ஒரு முறுக்குக் கம்பியிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடுகிற வேலை வேண்டாம், குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்தவெளியில் மட்டும், பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. சார்ஜரை அணைக்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பைக் கி.மு. 2172 என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அந்த மாவட்டத்துக்காரர் துருவுக்குப் பயப்படலாமா!

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
தட்டிப் பார்த்தேன், கணீர் என்றுதான் கேட்கிறது. மாமனாருக்கும் ஒருவழியாகப் புரியவைத்தாகிவிட்டது. இரண்டு சந்தேகம். தொட்டியின் உள்பக்கத்தையும் எண்ணெய் போட்டுப் பழக்க வேண்டுமா? மழை நாளில் சமையலறைக்குள் வைத்துக்கொள்ளலாமா, ஜன்னல் இருக்கிறது.

பட்டறை_ஓசூர்:
உள்பக்கத்துக்கு மெனக்கெட வேண்டாம், கரி நெருப்பு பட்டதும் எண்ணெய்ப் பூச்சு எரிந்துவிடும். துரு தட்டி, அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்புங்கள், கதவுத் துளை மட்டும் அடையக் கூடாது. தினமும் கவனிக்க வேண்டியது சாம்பல்தான். அது ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும், ஆறினதும் வாரிவிட வேண்டும். நெருப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கே தொட்டி விரியும், கதவை மூடிவிட்டால் தானாக அடங்கும். மீனை வைக்கும் முன் தட்டு நன்றாகச் சூடேறி இருக்கட்டும், எண்ணெயைத் தட்டுக்குப் பதில் மீனில் தடவுங்கள், ஒட்டாது.

சமையலறைக்குள் கூடவே கூடாது. ஜன்னல் இருந்தாலும் கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். திண்ணையில் கூரைக்கு அடியில் மூன்று பக்கமும் திறந்த இடமாக வையுங்கள். முதல் சில முறை கொட்டாங்குச்சிக் கரி வேண்டாம், சூடு அதிகம். கொஞ்சமாக வேலிக்காத்தான் கரி போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள், போல்ட்டு போட்ட காலை அப்போது ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், சூட்டில் நட்டு தளரும், ஆறினதும் மறுபடி முடுக்க வேண்டியிருக்கும்.