யூனோஸ் ரோட்ஸ்டரில் ஏசியை வைத்திருப்பதா, கழற்றிவிடுவதா?

கேள்வி: கொக்குவில்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1990 ஆம் ஆண்டு மஸ்தா யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 லீற்றர் இயந்திரத்தோடு, நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. இந்தக் காரின் ஏசிக்குக் காஸ் அடித்தால் இரண்டு மாதத்துக்கு மேல் குளிர் நிற்பதில்லை. இதுவரை மூன்று முறை அடித்தாகிவிட்டது. ஒழுக்கு எங்கே என்று ஒருமுறைகூட எவரும் தேடிப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. போன மாதத்திலிருந்து, காஸை அழுத்தித் தள்ளும் கொம்பிரசர் பக்கத்தில் கரகரவென்று ஒரு சத்தமும் கேட்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் கராஜில், முழுவதையும் கழற்றிவிட்டால் பாரம் குறைந்து கார் இன்னும் விசையாக ஓடும், தொல்லையும் தீரும் என்கிறார்கள்.

எனக்கும் அந்த எண்ணம் பிடித்துத்தான் இருக்கிறது. ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தில் ஒரு தடவையேனும் இந்தக் காருடன் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் வீட்டில் உள்ள ஒரே கார் இதுதான். பாடசாலை விட்டதும் உச்சி வெயிலில் மனைவியை ஏற்றி வருவதும் இதில்தான். கொக்குவில் ரயில் கடவையில் படலை மூடியிருக்கும்போது, கூரையைத் திறந்தால் தலை வேகிறது, மூடினால் உள்ளே புழுங்குகிறது. காண்டாவன நாட்களை நினைத்தால் கை பின்வாங்குகிறது. கழற்றியவர்களும் கழற்றாமல் வைத்திருப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: சுன்னாகம்

தம்பி, நான் வாகன ஏசி வேலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன். கழற்றுவதா என்று முடிவெடுக்க முன்னர், கெட்டுப்போனது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, ஏசியை நிறுத்திய நிலையில் அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ஏசி நின்றிருக்கும்போதும் கரகரத்தால், பழுது பெரும்பாலும் கொம்பிரசரின் முன்புறக் கப்பியில் உள்ள பெயரிங்கில்தான் இருக்கும். ஏசி நின்றாலும் அந்தக் கப்பி பெல்ட்டுடன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இருக்கும் தண்டு மட்டும், காந்தக் கிளச் பிடிக்கும்போதுதான் சுற்றும். பெயரிங்கை மாற்றுவதற்குப் பெரும்பாலும் காஸைத் திறக்கவே தேவையில்லை. ஏசி போட்டவுடன் மட்டும் சத்தம் எழுந்தால் அது கொம்பிரசரின் உள்ளே உள்ள பழுது, செலவும் கூடுதலாகும்.

அடுத்தது ஒழுக்கு. நம்முடைய ஊரில் நான் முதலில் பார்க்கும் இடம், காரின் முன்புறம் நின்று காஸின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சரின் அடிவிளிம்புதான். கடலோர வீதிகளில் ஓடும் கார்களில் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து அந்த அலுமினியத் தகடுகளை அரித்து, விரலால் தொட்டாலே சாம்பலாக உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதற்குப் பிறகுதான் குழாய்ப் பொருத்துகளில் உள்ள ரப்பர் வளையங்களைப் பார்ப்பேன். உங்களுடைய கார் ஆர்-12 காஸுக்காகக் கட்டப்பட்ட காலத்தது. யாரோ இடையில் ஆர்-134ஏக்கு மாற்றியிருப்பார்கள். மாற்றும்போது பழைய எண்ணெயையும் வளையங்களையும் அப்படியே விட்டிருந்தால் ஒழுக்கு வருவதில் வியப்பில்லை. நைதரசன் அழுத்தம் கொடுத்துச் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். அல்லது நிறச்சாயம் விட்டு நீலவெளிச்சத்தில் தேடச் சொல்லுங்கள். ஒழுக்கை அடைத்த பிறகு, ஈரம் உறிஞ்சும் டிரையரைக் கட்டாயம் புதிதாகப் போட்டு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வெற்றிடம் இழுத்து, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே காஸ் அடிக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் மூன்று முறை காஸ் அடித்தது உங்கள் பணத்தைக் காற்றில் விட்டதற்குச் சமம்.

முடிவில் கழற்றுவதென்றாலும் குழாயை வெட்டிக் காஸை வெளியே விட யாரையும் அனுமதிக்க வேண்டாம். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது என்றாலும், புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ ஒரு தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்கு ஈடானது. கையில் பட்டால் தோலும் உறைந்து புண்ணாகும். அதை இயந்திரத்தால் இழுத்துச் சிலிண்டரில் சேர்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

பதில் 2: வல்வெட்டித்துறை

நான் கழற்றியவன், என் கதையையும் கேளுங்கள். என்னுடையது ஹொண்டா சிஆர்-எக்ஸ். கொம்பிரசர், கொண்டென்சர், குழாய்கள், டாஷ்போட்டுக்குள் இருந்த குளிர்ச்சுருள் பெட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிவிட்டோம். அந்தப் பெட்டி காற்று போகும் வழியின் ஒரு பகுதி என்பது எனக்கு அன்று தெரியாது. அதை எடுத்த இடத்தில் வெற்றுக் குழாய் ஒன்றை வைத்து இணைக்காததால், புளோவர் ஊதிய காற்றெல்லாம் டாஷ்போட்டுக்குப் பின்னாலேயே சிதறியது. கண்ணாடிக்கு ஒரு மூச்சுக் காற்றுக்கூட வரவில்லை.

அதன் விளைவை மாரியில்தான் கண்டேன். கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில் வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் திரும்பிக்கொண்டிருந்தேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பிடித்த மழை விடவேயில்லை. கதவுக் கண்ணாடிகளைப் பூட்டினால் முன்கண்ணாடியின் உட்புறம் பால் ஊற்றியதுபோல வெளிறிப்போகும். திறந்தால் மழை மடியில் விழும். ஆனையிறவைத் தாண்டும்வரை ஒரு கையில் துவாயுடன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். எதிரே வந்த பாரவூர்தியின் வெளிச்சம் அந்தப் பனிப்படலத்தில் பட்டுக் கண்ணை மறைத்த கணத்தை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஏசி என்பது குளிருக்கு மட்டும் உரியதன்று, உள்ளே உள்ள ஈரத்தை இழுத்துக் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருப்பதும் அதுவே என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். துணிக்கூரை உள்ள உங்கள் காரில் ஈரம் இன்னும் அதிகமாகவே இருக்கும்.

கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குக் கொடுத்ததுதான் நான் செய்த பெரிய பிழை. இவ்வளவு பழைய கார்களை இனி இறக்குமதி செய்யவும் வழியில்லை. ஆகவே அவற்றின் பாகங்களும் நாட்டில் உள்ளவைதான். திரும்பப் பூட்ட நினைத்தபோது குழாய் ஒன்றுக்காக எட்டு மாதம் அலைந்தேன்.

பதில் 3: மானிப்பாய்

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஓட்டப்போட்டிக்கென்றே ஒதுக்கிய காரில் ஏசிக்கு இடமில்லை என்பதே என் கருத்து. கொண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் நின்று காற்றைத் தடுப்பது உண்மை. என் காரில் அதை எடுத்த பிறகு வெப்பமுள் தெளிவாகக் கீழே நின்றது.

பாரத்தைப் பற்றி மட்டும் கணக்கு ஒன்று சொல்கிறேன். இத்தகைய காரில் ஏசித் தொகுதி முழுவதும் சேர்ந்தால் 15 முதல் 20 கிலோ அளவில் வரும். உங்கள் காரின் பெற்றோல் தாங்கி 45 லீற்றர் கொள்ளும்; அது நிறைந்திருந்தால் பெற்றோல் மட்டும் ஏறத்தாழ 33 கிலோ. ஆகவே அரைத் தாங்கியுடன் ஓடுவதும் ஏசியைக் கழற்றி ஓடுவதும் பாரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். காரே 940 கிலோவுக்கு அண்மையில் நிற்பது; நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவதை மகாகஸ்தோட்டையில் நேரம் எடுப்பவரின் கடிகாரம் காட்டலாம், காங்கேசன்துறை வீதியில் உங்களால் உணர முடியாது. நிறுத்தி வைத்த கொம்பிரசர் இயந்திரத்தின் வலுவையும் அநேகமாக இழுப்பதில்லை.

எனவே வீட்டில் இரண்டாவது கார் வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு கழற்றும்போது, உங்கள் காரில் பவர் ஸ்ரியறிங்கும் ஏசியும் ஒரே பெல்ட்டில் ஓடுவதால் அளவு குறைந்த பெல்ட் தேவைப்படும் என்பதையும், ஏசிக்குரிய இரண்டாவது மின்விசிறியை எடுக்காமல் ரேடியேற்றருக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். திறந்த குழாய்முனைகளை அன்றே மூடியிட்டு அடைத்து, பாகங்களைப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொக்குவில்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. சுன்னாகத்து ஐயா சொன்னபடி நேற்று ஏசியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். சத்தம் அப்படியேதான் இருந்தது. பெயரிங்கை மாற்றியதும் நின்றுவிட்டது. நுரை பூசிப் பார்த்தபோது கொண்டென்சரின் இடதுபக்க அடிமூலையில், குண்டூசித் தலையளவில் சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் எழுந்துகொண்டிருந்தன. நானே குந்தியிருந்து பார்த்தேன். நான்கு ஆண்டு இந்த மூலைக்குத்தான் காஸ் அடித்திருக்கிறேன்.

ஏசியைக் கழற்றவில்லை. கொண்டென்சர் ஒன்று தேடுகிறேன். இந்தக் காருக்குரியதே வேண்டும் என்றில்லை, அளவு பொருந்தி, குழாய் முனைகளை ஒட்டவைக்க முடிந்தால் போதும் என்று ஏசி வேலை செய்பவர் சொல்கிறார். அப்படி வேறு காரின் கொண்டென்சரைப் பூட்டி ஓடுபவர்கள் யாராவது இருந்தால், எந்தக் காரினுடையது என்பதையும், அதைப் பிடித்து நிறுத்தும் சட்டங்களை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். காண்டாவனம் தொடங்க முன்னர் பூட்டி முடிக்க வேண்டும்.