புதுப்பிப்பு: மன்னார்குடி நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று

மன்னார்குடி பக்கத்து நஞ்சையை யாரிடம் விடுவது, அதிகக் குத்தகை தருகிறேன் என்பவரிடமா, அடுத்த வயல்காரரிடமா என்று இங்கே கேட்டிருந்தேன். அடுத்த வயல்காரருக்கே கொடுத்துவிட்டோம்.

பலர் சொன்னபடி முதலில் அவர் வயலைப் போய்ப் பார்த்தேன். வரப்பு வெட்டிச் சுத்தமாக இருந்தது. அதைவிட, "தண்ணி விஷயத்துல அண்ணன்கிட்ட ஒரு பேச்சு வந்ததில்ல தம்பி" என்று அவருக்கு அடுத்துத் தண்ணீர் பாயும் கீழ்மடைக்காரரே அவரைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய சான்று. டெல்டாவில் ஒருவரை அறிய வாய்க்காலில் விசாரித்தால் போதும்.

எழுத்து ஒப்பந்தம் வேண்டாம், எழுதிக் கொடுத்தால் 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால் நிலம் திரும்ப வராது என்று சிலர் பயமுறுத்தினீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்து இல்லாவிட்டால் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று) வாங்க அவர் அலைய வேண்டும். அடங்கல் இல்லாமல் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதும் பயிர்க் காப்பீடும் சிக்கல். வெயிலில் நிற்பவரை அப்படி விடுவது நியாயமே இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

குத்தகை, விளைச்சலில் கால் பங்கு. 1956-ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம் இப்போது சொல்வதும் அந்த 25 சதவீதம்தான். வெள்ளத்தில் பயிர் போனால் பேசிக் குறைப்பது என்பதையும் சேர்த்தோம்.

அப்புறம், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும் இந்த முறை குறுவை (குறுகிய கால நெல்) வேண்டாம் என்கிறார் குத்தகைக்கு எடுத்த அண்ணன். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, நேராகச் சம்பா (நீண்ட கால நெல்) தானாம். சரி என்றேன்.