சிஏ இன்டர்: மூன்று பேப்பரிலும் 40-க்கு மேல், ஆனாலும் குரூப் 1 ஃபெயில். ஏன்?

கயல்_மதுரை:
வணக்கம். சிஏ படிப்பின் இரண்டாம் நிலையான இன்டர்மீடியட் தேர்வில், மூன்று பேப்பர் கொண்ட குரூப் 1 மட்டும் எழுதியிருந்தேன். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் 62, லா 41, டாக்ஸேஷன் 43. மூன்றிலும் பாஸ் மார்க் 40-ஐத் தாண்டிவிட்டேன். ஆனால் முடிவில் ஃபெயில் என்று இருக்கிறது. அப்பா ரீவேல்யூவேஷன் போடச் சொல்கிறார். போடலாமா? அடுத்த முறை மூன்றையும் திரும்ப எழுத வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தில்_ஆர்டிகிள்:
முடிவு சரிதான், தங்கச்சி. ஒவ்வொரு பேப்பரிலும் 40 என்பது பாதி விதிதான். குரூப்பின் மொத்த மதிப்பெண்ணில் 50 சதவீதமும் வேண்டும். மூன்று பேப்பருக்கு 300 என்றால் 150. உனக்கு வந்திருப்பது 62 + 41 + 43 = 146. நான்கு மார்க்கில் போயிருக்கிறது. கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் உன் கையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அக்கவுண்ட்ஸில் 60-க்கு மேல் வாங்கியதால் அந்தப் பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு. அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அதை எழுத வேண்டியதில்லை.

கயல்_மதுரை:
ரொம்ப நன்றி அண்ணா. அப்படியென்றால் அடுத்த முறை லா, டாக்ஸ் இரண்டிலும் 40 எடுத்தால் பாஸா?

செந்தில்_ஆர்டிகிள்:
இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். எக்ஸெம்ப்ஷன் வாங்கிய 62 அப்படியே கணக்கில் நிற்கும். 150 என்ற எல்லையும் அப்படியே நிற்கும். 62 + 40 + 40 = 142, மறுபடி ஃபெயில். இரண்டு பேப்பரும் சேர்ந்து 88 வர வேண்டும், எதுவும் 40-க்குக் கீழே போகக் கூடாது. 45 + 43 போதும். 50 + 38 போதாது.

பார்கவி:
என் தம்பிக்கு இதற்கு நேர் எதிர் நிலைமை. அக்கவுண்ட்ஸ் 78, டாக்ஸ் 71, லா 38. மொத்தம் 187 இருந்தும் ஃபெயில். 40 விதிக்கு விலக்கே கிடையாது. ஆனால் அவனுக்கு இரண்டு எக்ஸெம்ப்ஷன் கையில் இருக்கிறது. அக்ரிகேட், அதாவது மொத்த மதிப்பெண் பற்றிக் கவலையில்லை, லாவில் 40 எடுத்தால் முடிந்தது. கயல், ஃபெயில் என்று ஒரே வார்த்தையில் போட்டாலும் இரண்டு பேரும் படிக்க வேண்டிய விதம் வேறு.

முருகேசன்_சிஏ:
ரீவேல்யூவேஷன் பற்றி யாரும் சொல்லவில்லை. தேர்வை நடத்தும் ஐசிஏஐ-யில் மறுமதிப்பீடு என்பதே இல்லை. வெரிஃபிகேஷன் மட்டும்தான். கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று பார்ப்பார்கள். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கவும் வழி உண்டு. நான்கு மார்க் வித்தியாசம் என்பதால் லா, டாக்ஸ் நகலை வாங்குங்கள். மார்க் மாறாவிட்டாலும் எங்கே விட்டீர்கள் என்பது தெரியும். அதுவே அடுத்த தேர்வுக்கு உதவும். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு பேப்பரிலும் 30 மார்க் எம்சிக்யூ, அதாவது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். இன்டரில் நெகட்டிவ் மார்க் இல்லை. ஒன்றைக்கூட வெற்றிடமாக விடக் கூடாது. தெரியாத கேள்விக்கும் ஒரு விடையைக் குறித்துவிட்டு வாருங்கள்.

கயல்_மதுரை:
குரூப் 2-வையும் சேர்த்து எழுதலாமா சார்? ஆர்டிகிள்ஷிப் (சிஏ அலுவலகத்தில் பயிற்சி) சேர அவசரமாக இருக்கிறது.

முருகேசன்_சிஏ:
அவசரம் புரிகிறது. புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்டிகிள்ஷிப் தொடங்க முடியும், அதனால் குரூப் 2-வையும் அதிக நாள் தள்ள முடியாது. இரண்டு குரூப்பையும் ஒரே முறை எழுதுகிறவர்களுக்குச் செட்-ஆஃப் உண்டு: ஆறு பேப்பரிலும் 40 இருந்து, மொத்தம் 600-க்கு 300 வந்தால் இரண்டும் பாஸ். ஒரு குரூப்பில் 146, மற்றதில் 154 என்றாலும் தேறிவிடலாம். இருந்தாலும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். லா, டாக்ஸில் 88 என்பதை முதல் இலக்காக வையுங்கள், மீதி நேரம் எவ்வளவு என்று பார்த்து குரூப் 2-வைத் தீர்மானியுங்கள்.

செந்தில்_ஆர்டிகிள்:
சார் சொன்னதோடு ஒன்று. எக்ஸெம்ப்ஷன் நீ எழுதும் மூன்று தேர்வுக்கு அல்ல, அடுத்து நடக்கும் மூன்று தேர்வுக்கு. இன்டர் இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை. முன்பு இரண்டு முறை நடந்தபோது ஒன்றரை வருடம் தாங்கியது, இப்போது அந்த மூன்று தேர்வும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ஒரு தேர்வை எழுதாமல் விட்டாலும் ஒன்று கழியும். டாக்ஸுக்கு எந்த ஆண்டின் நிதிச் சட்டம் பொருந்தும் என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திற, பழைய நோட்ஸை அப்படியே படிக்காதே.

கயல்_மதுரை:
இன்றே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கிறேன். அடுத்த தேர்வில் குரூப் 1 எழுதுகிறேன், இலக்கு 88 அல்ல, 100. எல்லோருக்கும் நன்றி.