குடும்பக் குழு: செஸ்னா 172 வென்ட் குழாயும் குளவி மண்ணும்

கயல்: சேகர் சித்தப்பா, முரளியண்ணா, ஒரு சந்தேகம். நான் ஓட்டற சின்ன விமானம் செஸ்னா 172 என்-னோட ப்ரீஃப்ளைட் லிஸ்ட்ல (பறக்கறதுக்கு முன்னாடி சரிபாக்கற பட்டியல்), ஃபியூயல் டேங்க் வென்ட், அதாவது டேங்குக்குள்ள காத்து போற குழாய், அடைப்பு இருக்கான்னு பாக்கச் சொல்லி ஒரே வரிதான் இருக்கு. குனிஞ்சு பாத்தேன், ஓட்டை தெரியுது. அவ்வளவு போதுமா?

முரளி: தினசரி பார்வைக்கு அது ஆரம்பம், அவ்வளவுதான். குழாய் வாய் சுத்தமா இருந்தும் உள்ளே வளைவுக்கு அப்பால குளவி கட்டின மண் இருக்கலாம். டார்ச் அடிச்சாலும் வளைவைத் தாண்டித் தெரியாது.

சேகர் சித்தப்பா: முதல்ல எது எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கோ கயல். இடது இறக்கைக்கு அடியில, ஸ்ட்ரட்டுக்கு (இறக்கையைத் தாங்கற சாய்வுக் கம்பம்) பின்னாடி நீட்டிட்டு இருக்கே, அந்த ஒரே குழாய்தான் ரெண்டு டேங்குக்கும். வலது டேங்க் குறுக்கு லைன் வழியா இடது டேங்கோட சேர்ந்திருக்கு. இது போக 172 என்-ல பெட்ரோல் ஊத்தற வலது டேங்க் மூடியிலயும் காத்து உள்ள போக வழி உண்டு. அது அடைப்பு வந்தா கைகொடுக்கும், ஆனா அதை நம்பி கிளம்பக் கூடாது. மூடியில இருக்கற ரப்பர் வால்வ் வெயில்ல இறுகி ஒட்டிக்கிட்டிருக்கும்.

சேகர் சித்தப்பா: குழாய் வளைஞ்சிருந்தாலும் சொல்லணும். ஸ்ட்ரட்டுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி சர்வீஸ் மேனுவல்ல அளவோட குடுத்திருக்கு. யாராவது தலையால இடிச்சு நகர்ந்திருந்தா அதுல விழற காத்தழுத்தம் மாறிடும்.

ராஜம் அத்தை: குளவி கூடு கட்டினா வீட்ல விசேஷம்னு சொல்வாங்களே. அதைக் கலைக்கலாமா?

முரளி: நிலைப்படில கட்டினா விட்டுடுங்க அத்தை. ஃப்ளைட்ல கட்டினா விசேஷம் வேற மாதிரி ஆயிடும்.

கயல்: வென்ட் அடைச்சா இன்ஜின் உடனே நிக்குமா? கிளம்பறதுக்கு முன்னாடி இன்ஜினை வேகமா ஓட்டிப் பாக்கற ரன்-அப்லயே தெரிஞ்சிடாதா?

முரளி: பெரும்பாலும் தெரியாது. 172 என்-ல பம்ப் கிடையாது, மேலேர்ந்து தானா இறங்கற பெட்ரோல்தான். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் சுமார் ஒரு மீட்டர் உயரம்னு வெச்சுக்கோ. அவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) அடர்த்தி 0.72, அப்போ கிடைக்கற அழுத்தம் வெறும் 7 கிலோபாஸ்கல். டேங்குக்குள்ள அந்த அளவு வெற்றிடம் வந்தா ஓட்டம் நின்னுடும். காலி இடம் 50 லிட்டர் இருந்தா 3, 4 லிட்டர் இறங்கின பிறகுதான் அந்த நிலை வரும். கூடவே பெட்ரோல் ஆவியும் அந்த இடத்தை நிரப்பி இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடும். ஆக டாக்ஸி (தரையில உருண்டு போறது), ரன்-அப் எல்லாம் நல்லா ஓடிட்டு, ஏறும்போது மூச்சுத் திணறும்.

கயல்: அப்போ ஃபுல் டேங்க்னா?

முரளி: இன்னும் மோசம். காத்து இருக்கற இடமே கம்மி, கொஞ்சம் இறங்கினாலே வெற்றிடம் வந்துடும். க்ரூஸ்ல (சமமா பறக்கும்போது) மணிக்கு 30 லிட்டர் குடிச்சா நிமிஷத்துக்கு அரை லிட்டர் காத்து உள்ள வந்தே ஆகணும்.

சேகர் சித்தப்பா: எதிர்ப் பக்கமும் உண்டு. 172 என்-ல மொத்தம் 43 கேலன், சுமார் 163 லிட்டர். காலைல நிரப்பி வெயில்ல நிறுத்தி 15 டிகிரி சூடேறினா 2 லிட்டருக்கு மேல விரியும். அது வெளிய வரவும் அதே குழாய்தான் வழி. வெயில்ல வென்ட்லேர்ந்து நீலமா சொட்டினா பயப்படாதே, வழி திறந்திருக்குன்னு அர்த்தம். பழைய 182 மாதிரி ரப்பர் பை டேங்கா இருந்தா அடைப்பு வந்ததும் பை உள்ளே சுருங்கி மேல எழும்பும். பெட்ரோல் அளவு காட்டற மிதவையையும் கூடவே தூக்கிடும். பெட்ரோல் தீர்ந்துகிட்டிருக்கும், கேஜ் நிறைய இருக்குன்னு காட்டும்.

கயல்: சரி, உள்ளே அடைப்பு இருக்கான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறது?

சேகர் சித்தப்பா: ஊதிப் பாக்கறதுதான். செஸ்னா மேனுவல்லயே இருக்கற முறை. வென்ட் வாய்ல இறுக்கமா ஏறற மாதிரி ஒரு ரப்பர் டியூப் மாட்டு. ரெண்டு மூடியும் நல்லா மூடியிருக்கணும். மெதுவா வாயால ஊது. காத்து உள்ள போனா லைன் திறந்திருக்கு. போகலேன்னா அங்கயே நிறுத்திடு.

சேகர் சித்தப்பா: உள்ள போச்சுன்னா டியூப் நுனியை உடனே தண்ணி டம்ளருக்குள்ள விடு. குமிழி விடாம வரணும். உள்ளே ஒரு செக் வால்வ் இருக்கு, பெட்ரோல் வெளிய சிந்தாம தடுக்க. அதோட தட்டுல ஊசி ஓட்டை மாதிரி ஒண்ணு உண்டு. டேங்க் அழுத்தம் வெளிய வர்றது அது வழியாத்தான். குமிழி வந்தா அந்த ஓட்டை நல்லா இருக்கு. நிறைய பேர் ஊதிட்டு "போகுது"ன்னு நிறுத்திடறாங்க, இந்தப் பாதியை விட்டுடறாங்க.

முரளி: குமிழி வரலேன்னா மூடியைக் கொஞ்சம் தளர்த்து. புஸ்ஸுன்னு சத்தம் வந்தா உள்ளே அழுத்தம் இருக்கு, ஓட்டைதான் அடைச்சிருக்கு. சத்தமே இல்லேன்னா ஊதின காத்து மூடி ரப்பர் வழியா கசிஞ்சு போயிருக்கு, முதல்ல மூடியைப் பாக்கணும்.

சேகர் சித்தப்பா: கரெக்ட். கடைசியா மறுபடி ஊதிட்டு வலது மூடியைத் தளர்த்து, கழட்டாதே. அங்க அழுத்தம் வெளிய வந்தா குறுக்கு லைனும் சரி. டியூபை வாயால உறிஞ்ச மட்டும் செய்யாதே, நாம போடற 100 எல்எல் பெட்ரோல்ல ஈயம் இருக்கு. இதையெல்லாம் தனியா செய்யாம இன்ஜினியர் கூட நின்னு செய்.

கயல்: மண் தெரிஞ்சா கம்பி விட்டு எடுத்துடலாமா? கம்ப்ரஸர்?

சேகர் சித்தப்பா: ரெண்டும் வேண்டாம். கம்பி மண்ணை இன்னும் உள்ள தள்ளும், செக் வால்வ் தட்டையும் உடைச்சிடும். கம்ப்ரஸர் காத்து டேங்க் சீலன்ட்டை (கசிவு தடுக்கற பூச்சு) பிய்க்கும், பை டேங்க்னா கிழியும். வாய்லயே இருக்கறதை நுனி வளைஞ்ச மெல்லிய கொக்கியால வெளிப்பக்கமா இழுக்கலாம். உள்ளே போயிருந்தா லைனை ரெண்டு முனையிலயும் கழட்டி, டேங்க் பக்கத்திலேர்ந்து வெளிப்பக்கமா ஊதணும். அப்புறம் சம்ப் (டேங்க் அடி வடிகால்), ஸ்ட்ரெய்னர் (பெட்ரோல் வடிகட்டி) ரெண்டுலயும் வடிச்சு மண் துகள் இருக்கான்னு பாக்கணும், லாக்புக்ல எழுதணும். மறுபடி ஊதற சோதனை பண்ணாம வண்டியை விடமாட்டேன்.

கயல்: எங்க ஃப்ளையிங் க்ளப்ல ஒருத்தர், குளவி வராம இருக்க நிறுத்தும்போது வென்ட் மேல டேப் ஒட்டிடலாம்னார்.

முரளி: அவர்கிட்ட 1996 அக்டோபர்ல பெரு நாட்டு ஏரோபெரு 603 விமானத்துக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு. கழுவும்போது ஸ்டாட்டிக் போர்ட்ல (உயரம், வேகம் காட்டற கருவிக்கு வெளிக் காத்தழுத்தம் எடுக்கற ஓட்டை) ஒட்டின டேப்பை எடுக்க மறந்து 70 பேர் போனாங்க. சிவப்பு நாடா தொங்கற மூடிதான் போடணும், அதுவும் எண்ணி. எடுத்த மூடியெல்லாம் பைல இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட்.

சேகர் சித்தப்பா: வென்ட்டுக்கு காத்துப் புகாத கார்க் வேண்டாம். நான் சொன்னேனே, வெயில்ல பெட்ரோல் விரியும்னு. நெருக்கமான வலைத்துணி உறை போதும், குளவி நுழையாது, காத்து போகும். நிரந்தரமா வலை பொருத்தறேன்னு கிளம்பாதீங்க. அனுமதி இல்லாத மாற்றம் அது, தூசி சேரும், குளிர்ல பனியும் பிடிக்கும்.

கயல்: ராத்திரி நிறுத்தும்போது போட்டா போதுமா?

முரளி: குளவி பகல்லதான் வேலை செய்யும்! 2013 நவம்பர்ல பிரிஸ்பேன்ல ஒரு ஏர்பஸ் ஏ330 பயணிகள் விமானம் தரையில சுமார் 2 மணி நேரம்தான் நின்னுது, அதுக்குள்ள வேகம் அளக்கற பிட்டோ குழாய்ல குளவி மண் வெச்சுடுச்சு. கிளம்பி உடனே திரும்ப வேண்டியதாப் போச்சு. சாப்பாட்டுக்குப் போனாலும் உறை போட்டுட்டுப் போ. ஹேங்கர் பக்கத்துல ஒழுகற குழாய் இருந்தா சரி பண்ணச் சொல்லு, ஈர மண் கிடைக்கற இடத்துலதான் அது சுத்தும்.

ராஜம் அத்தை: ஏம்ப்பா முரளி, பறந்துகிட்டிருக்கும்போதே அடைச்சுக்கிட்டா இவ என்ன பண்ணுவா?

முரளி: 172-ல செலக்டர் (எந்த டேங்க்லேர்ந்து பெட்ரோல் எடுக்கணும்னு திருப்பற குமிழ்) ரெண்டு டேங்க்லேர்ந்தும் எடுக்கற நிலையில இருக்கான்னு பாத்துட்டு, கிட்ட இருக்கற ஓடுதளத்துல இறங்கிடணும் அத்தை. உயரத்தை விட்டுடாம. பைப்பர் பிஏ-28-னு இன்னொரு சின்ன விமானத்துல டேங்குக்கு டேங்க் தனி வென்ட். அதுல மின் பம்ப்பை ஆன் பண்ணி அடுத்த டேங்குக்கு மாத்தினா இன்ஜின் திரும்ப வரும்.

சேகர் சித்தப்பா: தரையிறங்கின பிறகு மூடியைத் திறக்கும்போது காதைக் கிட்ட வை கயல். காத்தை உள்ளே இழுக்கற சத்தம் கேட்டா அடுத்த ஃப்ளைட் கிடையாது, நேரா இன்ஜினியர்கிட்ட.

கயல்: சரி சித்தப்பா. டியூப் எவ்வளவு நீளம் வாங்கட்டும்?

சேகர் சித்தப்பா: ஒரு மீட்டர் போதும். உள்ளே தெரியற மாதிரி, கண்ணாடி போல இருக்கற வளையற டியூபா வாங்கு, குழாயோட வெளிவிட்டத்தை அளந்துட்டுப் போ.