கை ஓடுது, வாய் ஓடலை: குரோஷா டீச்சர் பயிற்சி அனுபவம்

பதினஞ்சு வருஷமா குரோஷா, அதான் கொக்கி ஊசியால நூல் பின்னுறது, போடறேன். தண்டையார்பேட்டையில எங்க தெருவுல பிறந்த குழந்தைங்க பாதிப் பேர் தலையில என் குல்லா ஏறியிருக்கும். சர்டிபிகேட் இருந்தா ஃபீஸ் வாங்கிச் சொல்லித் தரலாமேன்னு ஆன்லைன் ஆசிரியர் பயிற்சியில சேர்ந்தேன். மாதிரித் துண்டு போட்டு போட்டோ அனுப்பணும், அதை எப்படிச் சொல்லித் தருவோம்னு எழுதியும் காட்டணும்.

முதல் துண்டே தப்புன்னு வந்துடுச்சு. பாடத்துல 'டபுள் குரோஷே'ங்கிற பின்னல். போட்டேன், ஆனா பாடம் அமெரிக்க முறையாம். நான் சின்ன வயசுல கத்துக்கிட்டது பிரிட்டிஷ் முறை. அதுல டபுள்னா அமெரிக்கக் கணக்குல சிங்கிள். அமெரிக்க டபுள்தான் நம்ம ட்ரெபிள். இப்பல்லாம் பேட்டர்னைக் கையில எடுத்ததும் 'சிங்கிள்'னு எங்கயாவது இருக்கான்னுதான் முதல்ல பாப்பேன். இருந்தா அமெரிக்கா.

அடுத்தது கேஜ், அதாவது இத்தனை அங்குலத்துக்கு இத்தனை பின்னல்ங்கிற கணக்கு. 5.5 மி.மீ. ஊசியில நாலு அங்குலத்துக்கு 14 சிங்கிள் கேட்டாங்க, எனக்கு 17. கத்திரி வெயில்ல கை வேர்த்து அக்ரிலிக் உல்லன் விரல்ல ஒட்டுது, நம்மளை அறியாம நூலை இறுக்கிடறோம். விடியக்காலையில ஃபேனுக்கு அடியில போட்டா 15. ஊசியை 6-க்கு மாத்தின பிறகுதான் 14.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. பாடம் நடத்திக் காட்டணும்னப்போதான் முழிச்சேன். எதிர் வீட்டுப் பொண்ணு, இடது கைக்காரி. பக்கத்துல உக்காத்தி வெச்சு "இப்படி... இப்படி"ன்னேன். வேற வார்த்தையே வரலை! அவ தாத்தா காசிமேட்டுல வலை பின்னினவர். பாத்துட்டே இருந்தவரு, "எதிர்க்க உக்காரும்மா, கண்ணாடி பாக்குற மாதிரி புடிச்சுக்கும்"னார். புடிச்சுக்கிச்சு. அப்புறம் அவரே என் துண்டைத் தடவிப் பாத்து, "இன்னா இது, முடிச்சே காணோம்?"னார். நூல் நுனியை இழுத்துக் காட்டினேன், ரெண்டு வரிசை சரசரன்னு அவுந்துச்சு. வலையில கண்ணிக்குக் கண்ணி முடிச்சு, இதுல கண்ணிக்குள்ள கண்ணி, அவ்வளவுதான். "இத்த நம்பி மீன் புடிக்க முடியாது"ன்னு எழுந்து போயிட்டார். அந்தக் கண்ணி-முடிச்சு வித்தியாசத்தையே அன்னிக்கு ராத்திரி பாடக் குறிப்புல முதல் வரியா எழுதினேன், மீனை விட்டுட்டு.

*

அக்கா, உங்க பதிவைப் படிச்சேன், நான் கொருக்குப்பேட்டை. அமெரிக்க டபுள் போட்டா சதுரம் வரமாட்டேங்குது, மேல போகப் போகக் குறுகி முக்கோணமாயிடுது. கை இறுக்கமா?

*

கை இல்லம்மா, எண்ணிக்கை. வரிசை முடிவுல மூணு சங்கிலிக் கண்ணி போட்டுத் திரும்புறியே, அதுதான் அந்த வரிசையோட முதல் டபுள். திரும்பி வர்றப்போ அந்தச் சங்கிலி தலையில போட மறந்துடறே, வரிசைக்கு ஒண்ணு காலி. அந்த மூணாவது சங்கிலியில ஒரு ஊக்கு மாட்டி வெச்சுக்க. நானும் அப்படித்தான் நாலு துண்டு பிரிச்சேன்.